நான் வரைந்த குழாய்

காருக்குள் ஏதோ சர்க்கரைப் பாகு கருகுகிற மாதிரி வாசனை வருகிறது என்று என் மனைவி முதல் முறை சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது விளக்கம் கொடுத்தேன். அப்படி இனிப்பாக மணப்பது எஞ்சினைக் குளிர வைக்க ஊற்றும் கூலன்ட்தான். அது கசிந்தால் வண்டிக்கு அடியில் தரையில் சொட்ட வேண்டும். தரையோ காய்ந்து கிடக்கிறது. ஆகவே கசிவு இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டு முடித்து, "சரி, அப்ப என் மூக்குதான் கசியுது," என்று சொல்லி ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கார் கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவன். யாராவது கேட்டால், "எஞ்சின் டிசைன்" என்பேன். கேட்டவர்கள் நான் எஞ்சினையே வரைந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன். உண்மையில் நான் வரைந்தது குழாய்கள். பெரிய ஆட்கள் எஞ்சினை வரைந்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் சந்துபொந்துகளில், தண்ணீர் போகவும் எண்ணெய் போகவும் வழி கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை.

எங்கள் கார் அந்தக் கம்பெனியின் கார்தான். அதுவும் நானே குழாய் வரைந்த மாடல். அதன் எஞ்சினுக்குப் பின்னால் டர்போ என்றொரு உருண்டை இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் வேலை. அடுப்புக் கங்கு போலச் சூடாகும். அது வெந்து போகாமலிருக்க இரண்டு குழாய்கள்: தண்ணீரைக் கொண்டுவர ஒன்று, கொண்டுபோக ஒன்று. கொண்டுபோகும் குழாயை எல்லோரும் சுற்றி வளைத்துத் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, நான் அதை டர்போவுக்கும், எஞ்சினை உட்காரும் இடத்திலிருந்து பிரிக்கும் தகட்டுச் சுவருக்கும் நடுவில் நேராக இறக்கி, நான்கு விரற்கடை நீளத்தை மிச்சப்படுத்தினேன். அதற்குக் கம்பெனி என்னைப் பாராட்டி ஒரு கண்ணாடிப் பலகை கொடுத்தது. வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். படாதவர்களுக்கு நானே காட்டுவேன்.

ஆகவே அந்த வண்டியில் கசிவு என்றால் அது என் மானப் பிரச்சினை. ஆனால் கூலன்ட் டப்பாவில் அளவு மட்டும் ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வந்தது. நான் யாருக்கும் தெரியாமல் காலையில் ஊற்றி நிரப்பினேன். குடிகாரன் பாட்டிலை ஒளித்து வைப்பது போல, கூலன்ட் பாட்டிலைப் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பத்தாம் நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன என் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். செடிக்கு உரம் வாங்கியதாகச் சொன்னேன். பாட்டிலின் மேல் கார் படம் போட்டிருந்தது. அவள் அதைச் சாப்பாட்டு மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் நெரிசலில் நின்றிருந்தபோது சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. பானட்டின் பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, உங்கள் வண்டி புகைகிறது என்று சொன்னார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்று நான் சொன்ன விஷயங்களில் உண்மையிலேயே தெரிந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். அறிகுறியைக் கேட்டதுமே, டர்போ குழாயாக இருக்கும், எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் இன்னார் என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்த பெண், அந்தப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு என் மைத்துனன்தான் ஒரு வழி சொன்னான். "அத்தான், நம்ம தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருக்காரு. கொஞ்சம் வாய் நீளம். ஆனா கை சுத்தம்." மறுநாள் காலை, ஆறிக் கிடந்த வண்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நடை வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். மனைவியும் கூட வந்தாள். வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்துத் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

இரண்டு கார்கள் நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. சுவர் முழுக்க ஸ்பேனர்கள். எது எங்கே தொங்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் உருவமும் பெயின்டில் வரையப்பட்டிருந்தது. மூலையில் ஒரு வானொலி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. மெக்கானிக் காய்ந்த உடம்புக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. எப்போதோ ஓர் எஞ்சின் விசிறியின் பெல்ட் வாங்கிக்கொண்டதாம்.

"எல்லாரும் ஒன்பதரைன்னுதான் கூப்பிடுவாங்க சார். நீங்களும் அப்படியே கூப்பிடலாம், கோவமெல்லாம் வராது," என்றார்.

பானட்டைத் திறந்து, குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடி ஒன்றை எஞ்சினுக்குப் பின்னால் இறக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தெரிந்தவர் வீட்டு மரணச் செய்தி கேட்டவர் போலப் பெருமூச்சு விட்டார். குழாய் டர்போவில் சேருகிற மூட்டில்தான் கசிவு, சொட்டுச் சொட்டாக விழுகிறது, விழுவதெல்லாம் சூட்டில் ஆவியாகிவிடுவதால் தரைக்கு ஒரு துளியும் வருவதில்லை என்றார். என் மனைவி மூக்கை மெதுவாகத் தடவிக்கொண்டாள்.

"இது அந்தப் புண்ணியவானோட வேலை," என்றார் ஒன்பதரை.

"யாரு தம்பி அது?" என்று கேட்டாள் என் மனைவி.

"பேரு தெரியாதுக்கா. இந்தப் பைப்பைக் கொண்டுபோய் இந்த இடத்துல வச்சானே, அந்த மகராசன். இதே மாடல்ல ஏழு வண்டி பாத்துட்டேன், இது எட்டாவது. ஒவ்வொரு தடவையும் அவனை நெனைக்காம இருந்ததில்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வானொலியைப் பார்த்தேன். பிறகு அவள் பையிலிருந்து போனை எடுத்து, இன்று வர முடியாது, முக்கியமான வேலை வந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எஞ்சின் நன்றாகத் தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாற்றுவதற்குக் குழாய் கிடைக்குமா என்று கேட்டேன். ஏழு முறை பட்டவன் எட்டாவதற்கு ஒன்று வாங்கி வைக்காமல் இருப்பானா என்று சுவரைக் காட்டினார். ஸ்பேனர்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், என் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குத் துணையாள் இல்லை, டார்ச் பிடிக்க முடியுமா சார் என்று கேட்டார். பிடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

டார்ச் பிடிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். முதல் பத்து நிமிடத்தில் அவர் கண்ணில் இரண்டு முறை அடித்தேன், ஒரு முறை காதுக்குள் வெளிச்சம் காட்டினேன். அவர் பழைய கூலன்ட்டைக் கீழே வாளியில் வடித்தார். காற்றுக் குழாயைக் கழற்றினார். பேட்டரியைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் புண்ணியவானுக்கு ஒரு வாழ்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்குப் பிறக்கும்போதே விரல் இருந்திருக்காது. இருந்தாலும் பயன்படுத்தியிருக்க மாட்டான், இன்னும் யாராவது ஊட்டித்தான் விடுவார்கள். அவன் வீட்டில் சட்டை மாட்டும் ஆணியைக்கூட அலமாரிக்குப் பின்னால்தான் அடித்திருப்பான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்ட வார்த்தையாக இருந்தால், அவருக்கு நாகரிகம் போதாது என்று நினைத்து ஆறுதல் அடைந்திருப்பேன்.

என் மனைவி இடையிடையே, ஒன்றும் தெரியாதவள் போல, விவரம் கேட்டாள்.

"அந்த ஆளு பாக்க எப்படி இருப்பாருன்னு நெனைக்கிறீங்க தம்பி?"

ஒன்பதரை எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே யோசித்தார். "கண்ணாடி போட்டிருப்பான்க்கா. முழுக்கை சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருப்பான். பையில ஒரு பேனா குத்தியிருப்பான். எழுத மாட்டான், சும்மா இருக்கும்."

நான் டார்ச்சை இடது கைக்கு மாற்றி, பேனாவை எடுத்து பான்ட் பைக்குள் போட்டேன். சட்டைக் கையையும் மடித்துவிட்டேன். கண்ணாடியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இடையில் ஒரு தவறு செய்தேன். குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கியின் போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்தபோது, "அது கீழேயிருந்து வரும், பத்து எம்.எம். ஸ்பேனர்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். இன்டர்நெட்டில் ஒரு வீடியோவில் பார்த்தேன் என்றேன். பரவாயில்லையே, நல்ல வீடியோ என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பதினொரு மணி வாக்கில், சூடு பரவாமல் டர்போவை மூடியிருக்கும் வெப்பத் தகட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்தத் தகட்டை எடுத்தால்தான் குழாயின் மூட்டைத் தொட முடியும். மூன்று போல்ட்டில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது தகட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஸ்பேனரை ஒரு பல் அளவுக்கு மேல் திருப்ப இடமில்லை. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கன்னத்தை எஞ்சின் மூடியில் அழுத்தி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கியது. உள்ளே எதிலோ கை இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

அவர் கத்தவில்லை. கையை மெதுவாக வெளியே எடுத்தார். வலது கையில் இரண்டு விரல் கணுக்களில் தோல் உரிந்து, ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. ஒரு சுத்தமான துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டார். என் மனைவி எழுந்து வந்து, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏழு வண்டியிலயும் இதே இடம்தான் சார்," என்று ஒன்பதரை கையைத் திருப்பிக் காட்டினார். வாழ்த்து எதுவும் சேர்க்கவில்லை. புறங்கையில் வெளிறிப் போன கோடுகள் இருந்தன. "இது மூணாவது வண்டி. இது அஞ்சாவது. இது எதுன்னு மறந்துபோச்சு."

வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடத்தில் என் கையில் பட்ட அதிகபட்சக் காயம், காகிதம் வெட்டியது. அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தேன்.

கை இப்படி இருக்க இன்று முடியாது, நாளைக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டு எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் வைப்பருக்குக் கீழே உள்ள நீளமான தட்டை வரைந்தவன். நானும் அவனும் அந்த இடத்துக்காக இரண்டு மாதம் பங்காளிச் சண்டை போட்டோம். கடைசி நேரத்தில் அவன் அந்தத் தட்டை இரண்டு துண்டாக மாற்றினான். பார்த்தால் ஒரே துண்டு போலத் தெரியும், ஆனால் முன்துண்டு தனியாகக் கழன்று வரும். ரப்பர் பட்டைக்கு அடியில் போல்ட்கள் ஒளிந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் மேலிருந்து நேராக டர்போவுக்குப் பின்னால் கை போகும். சர்வீஸ் புத்தகம் அச்சுக்குப் போன பிறகு செய்த மாற்றம் என்பதால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் ஒருவன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். இதையும் வீடியோவில் பார்த்ததாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை, நன்றாகவே யோசித்தேன். வீடியோவின் தலைப்புக்கூடத் தயாராகிவிட்டது.

"என்னங்க," என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

"அந்த வைப்பர் தட்டு கழண்டு வரும்," என்றேன். "ரப்பருக்கு அடியில ஆறு போல்ட் இருக்கு. அதை எடுத்துட்டா மேலேயிருந்து கை போகும். எஞ்சினை இறக்க வேண்டாம்."

"இதுவும் வீடியோவா சார்?"

"இல்ல. வீடியோவே கிடையாது." டார்ச்சைத் தாழ்த்தினேன். "நீங்க காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்களே புண்ணியவான், அது நான்தான். அந்தப் பைப்பை நான்தான் வரைஞ்சேன்."

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து, என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "ஆமா தம்பி. பலகையெல்லாம் குடுத்திருக்காங்க."

ஒன்பதரை போய் வானொலியை அணைத்தார். திரும்பி வந்து எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"கை போகுமான்னு பாக்க மாட்டீங்களா சார்?"

பார்ப்போம். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு கை உண்டு. சாம்பல் நிறக் கை, ஐந்து விரலும் இருக்கும். அதை வரைபடத்துக்குள் விட்டு, எங்காவது இடிக்கிறதா என்று பார்த்து, 'கை நுழைகிறது' என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். இந்தக் குழாயை நான் அப்படிச் சோதித்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் வரைபடம் போயாக வேண்டும். கையை விட்டேன், வெப்பத் தகட்டில் இடித்துச் சிவப்பாக மின்னியது. திரையில் எந்தப் பாகத்தையும் ஒரு சொடுக்கில் மறைத்துவிடலாம். வெப்பத் தகட்டை மறைத்தேன். கை போனது. நுழைகிறது என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தொழிற்சாலையில் குழாயைப் பொருத்திய பிறகுதான் எஞ்சினையே வண்டிக்குள் ஏற்றுவார்கள், அங்கே யாருக்கும் கை மாட்டாது. அதற்கப்புறம் அதை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நினைக்காமல் இருந்தேன்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாதது. என் மனைவிக்குப் பலகை தெரியும், வெள்ளிக்கிழமை தெரியாது. அவள் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஒன்பதரை குழாயடிக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். எந்தப் பக்கம் தள்ளுவது என்றுகூடப் பார்த்து வைத்தேன். அவர் காயத்தில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்பேனரை என் பக்கம் நீட்டினார்.

"டார்ச்சைக் குடுங்க. என் கை இன்னிக்கு ஆகாது. உங்க கையை விடுங்க, நான் வெளிச்சம் காட்டுறேன்."

முதலில் வைப்பர் தட்டு. ஆறு போல்ட் என்று நான் சொல்லியிருந்தேன், எட்டு இருந்தது. ஏழாவது தெரிந்தபோது அவர் டார்ச்சை அதன்மேல் நிறுத்திக் காட்டினார். எட்டாவது தெரிந்தபோது, பக்கத்து மேசைக்காரரும் புண்ணியவான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தட்டைத் தூக்கியதும் டர்போவுக்குப் பின்னால் முதன்முதலாகப் பகல் வெளிச்சம் விழுந்தது. நான் என் குழாயைப் பார்த்தேன். திரையில் அது பளபளவென்று நீல நிறத்தில் இருக்கும். இங்கே துருவும் வெள்ளைப் பூப்புமாக, பழுப்பாக இருந்தது. புகைப்படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையை முதன்முதலாக நேரில் பார்ப்பது போல இருந்தது. நிறமும் வேறு, வயதும் வேறு.

வெப்பத் தகட்டின் மூன்றாவது போல்ட் மேலிருந்து சுலபமாகவே வந்துவிட்டது. நான் கொஞ்சம் தலைநிமிர்ந்தேன். அடுத்தது குழாயின் மூட்டு. கைக்கடிகாரம் மாட்டிக்கொண்டது, கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். கை மணிக்கட்டுக்கு மேல் போக மறுத்தது. அந்தச் சாம்பல் நிறக் கைக்கு என்னைப் போலத் தடிமன் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பதரை, உள்ளங்கையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், கட்டை விரலை மடக்குங்கள், தோளை இறக்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரசவம் பார்ப்பவர் மாதிரி, அவசரப்படாமல். நான் மிச்சமாக்கிய நான்கு விரற்கடையில் ஒவ்வொன்றும் என் முழங்கையில் குத்தியது.

ஒரு திருப்புக்கு, முழுச் சுற்றில் ஆறில் ஒரு பங்குதான் ஸ்பேனர் நகரும். எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி நகர்த்த வேண்டும். நாற்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பழைய குழாய் வெளியே வந்தபோது மணி ஒன்று. புதியதைப் பொருத்தும்போது போல்ட்டின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் வைக்க வேண்டும். முதல் வாஷர் என் விரலிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் எங்கோ இறங்கி, மூன்று இடத்தில் இடித்துச் சத்தம் போட்டு, நான்காவது இடத்தில் மௌனமானது. செம்பு என்பதால் காந்தத்தில் ஒட்டாது. கம்பியை வளைத்து அரை மணி நேரம் துழாவி எடுத்தோம். இரண்டாவதையும் நழுவவிட்டேன். அதையும் எடுத்தோம். மூன்றாம் முறை ஒன்பதரை கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் தடவி, வாஷரைப் போல்ட்டிலேயே ஒட்டிக் கொடுத்தார். விழவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீங்க வரைஞ்சவராச்சே, தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்."

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கூலன்ட் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டபோது மூன்றரை ஆகியிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறி, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் வரை காத்திருக்க வேண்டும். அவர் டீ வாங்கி வந்தார். என் வலது கை கோப்பையைப் பிடிக்க மறுத்ததால் இடது கையில் வாங்கிக்கொண்டேன். அவரும் இடது கையில்தான் வைத்திருந்தார். மூன்று பேரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் ஆபீஸிலிருந்து யாராவது இந்த மாதிரிக் கடைகளுக்கு வந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். விமானத்தில் போய்க் கண்காட்சி பார்த்திருக்கிறோம். வேறு கம்பெனி வண்டிகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறோம், அதுவும் குளிர்சாதன அறையில், பாகங்களுக்குச் சீட்டு ஒட்டி. கடைக்கு வந்ததில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். குற்றம் சொல்கிற ஆட்டல் இல்லை. வெளியூரில் மழை இல்லையாமே என்று கேட்டால் ஆட்டுகிற மாதிரி ஆட்டல்.

பிறகு ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து என் முன் வைத்து, அந்த எட்டுப் போல்ட்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரையச் சொன்னார். மெக்கானிக்குகள் நாற்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். அவர்களில் பாதிப் பேருக்கு இந்த மாடலால் தழும்பு உண்டாம். பான்ட் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் பேனாவைப் பார்த்தார். கை நடுங்கியதில் கோடுகள் புழு நெளிந்தது போல வந்தன. முதல் வருடப் பயிற்சியாளன் அப்படி வரைந்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். ஒன்பதரை அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். ஒரு நிமிடத்துக்குள் கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. யார் சொன்னது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"ஒரு கஸ்டமர்னு போட்டுட்டேன் சார்," என்றார் தட்டச்சு செய்துகொண்டே. "யாருன்னு சொன்னா கடைக்குக் கூட்டமா வந்துடுவாங்க. உங்களைப் பாக்க."

விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவர் கண்ணாடிக் குச்சியை இறக்கிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். மூட்டு காய்ந்திருந்தது.

மறுநாள் காலை என்னால் பற்பசையைப் பிதுக்க முடியவில்லை. விரல்கள் வீங்கி வாழைக்காய்ச் சீப்பு மாதிரி இருந்தன. என் மனைவி பிரஷ்ஷில் பற்பசை வைத்துக் கொடுத்துவிட்டு, குளியலறை வாசலிலேயே நின்றாள்.

"நேத்து அந்தத் தம்பிகிட்ட உண்மையைச் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது," என்றாள். "அதனால நானும் ஒண்ணு சொல்லிடறேன்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் சமையலறையை மாற்றிக் கட்டினோம். வரைந்தது நான்தான், அலுவலகக் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு இடைவேளைகளில். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இழுப்பறைகள் வைத்து, தண்ணீரை நிறுத்தும் திருகை அவற்றுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும். மாதம் ஒரு முறை தண்ணீர் வடிகட்டியைக் கழுவ அந்தத் திருகை மூட வேண்டும். அதற்கு அவள் மூன்று இழுப்பறைகளையும் உருவி வெளியே வைத்து, தரையில் பக்கவாட்டில் படுத்து, தோள்பட்டை வரை கையை உள்ளே விடுகிறாளாம். ஒன்பது வருடமாக.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மூணு தடவை சொன்னேன். 'வரைபடத்துல இடம் இருக்கே'ன்னு சொன்னீங்க."

வாயைக் கொப்புளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். இழுப்பறைகளை உருவினேன். படுத்தேன். கையை விட்டேன். நடுவிரல் நுனி திருகைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை. கன்னத்துக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. தலைமாட்டில் அவளுடைய பாதங்கள் தெரிந்தன. போகிறதா என்று கேட்டாள். போகவில்லை என்றேன்.

மைத்துனனிடம் ஒரு சின்ன ரம்பம் இருந்தது. அவனை வரச் சொல்லி, இழுப்பறைகளை உருவாமலே கை போகும்படி, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த மறைப்புப் பலகையை அறுக்கச் சொன்னேன். அவள் தன் கையைப் பலகையில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, இன்னும் இரண்டு விரல் கூட்டி அறுக்கச் சொன்னாள். துவாரம் கோணல்மாணலாக வந்தது. வருகிறவர்கள் கண்ணில் கட்டாயம் படும். அவள் குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். இடிக்காமல் போய், திருகு ஒரே சுற்றில் மூடியது. மறுபடி திறந்துவிட்டு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மாடிப்படி விளக்கின் சுவிட்சைப் பற்றிச் சாப்பிட்ட பிறகு பேசலாம் என்றாள்.